இரணைதீவுக்கு ஒரு விஞ்ஞானம், கொழும்புக்கு ஒரு விஞ்ஞானமா?

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதி கொழும்பிலே அமைச்சரவைப் பேச்சாளர் ஓர் அறிவித்தலை விடுத்தார். கொவிட் நோயினால் இறந்தோரில், தகனத்தை ஏற்காத சமயத்தவரின் உடல்களை அடக்கஞ் செய்வதற்குக் கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவைச் சேர்ந்த இரணைதீவு தெரிந்தெடுக்கப்பட்டுள்ளது என்பதே அவ்வறிவித்தல். மக்கள் செறிந்து வாழும் இடங்களுக்குத் தொலைவில் உள்ளது என்பது சொல்லப்பட்ட நியாயம். அத்தீவிலே மனிதர் வாழ்கின்றனர், கடலட்டை எடுத்துப் பிழைக்கின்றனர், கிணற்று நீரைக் குடிக்கின்றனர், மாதா கோவிலிலே வழிபடுகின்றனர் என்பதையெல்லாம் சொல்லப் பேச்சாளருக்கு நேரமிருக்கவில்லை.

இந்த அறிவித்தலின் முழு அழகும் தெரியவேண்டுமாயின், அதற்கு முந்திய பத்து மாதங்களை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2020 ஏப்ரல் 11ஆந் திகதி, 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு பிரமாணம் வர்த்தமானியிற் பிரசுரமாயிற்று. கொவிட் நோயால் இறந்த எவருடைய உடலும் 800 முதல் 1,200 பாகை செல்சியசு வெப்பத்தில், நாற்பத்தைந்து நிமிடம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை எரிக்கப்படவேண்டும் என்று அது விதித்தது. பாகைக் கணக்கும் நிமிடக் கணக்கும் இத்துணைத் துல்லியமாக இருப்பதைக் காணும் எவரும், இதன் பின்னாலே பெரியதோர் ஆராய்ச்சி நிற்கின்றது என்றே நம்புவர். நின்றதா? அடக்கஞ் செய்தால் நிலத்தடி நீரில் வைரசு கலந்துவிடும் என்றார்கள். எந்தக் கிணற்றில் அளந்தார்கள்? எந்த மயானத்திலே துளையிட்டுப் பார்த்தார்கள்? பிரமாணத்தோடு ஓர் ஆய்வறிக்கையும் வெளிவரவில்லை. தொற்றுநோயால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்பது பிழையான நம்பிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே எழுத்தில் வெளியிட்டிருந்தது.

அந்த ஆண்டு டிசெம்பர் இறுதியில், சுகாதார அமைச்சே நியமித்த நிபுணர் குழுவொன்று, உரிய கட்டுப்பாடுகளுடன் தகனம், அடக்கம் இரண்டையும் அனுமதிக்கலாம் என்று விதந்துரைத்தது. சமுதாய மருத்துவ நிபுணர்களின் சங்கமும் இலங்கை மருத்துவ சங்கமும் அவ்வாறே சொல்லின. அரசாங்கம் கேட்டதா? இல்லை. தான் கேட்ட விடையைத் தரும் குழுவைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றக் குழுவின் அறிக்கையை மேசைக்குள் வைத்துப் பூட்டியது. நீதி கேட்டுச் சென்ற குடும்பங்களின் அடிப்படை உரிமை மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசெம்பர் 1ஆந் திகதி, விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது; மூவரில் இருவரின் முடிவு அது; காரணம் எழுதப்படவில்லை. சட்டத் தொழில் செய்யும் எமக்கு அந்த நாள் வெட்கத்துக்குரிய நாள். பிறந்து இருபது நாளே ஆன பாலகன் ஒருவனின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது அந்த மாதத்திலேதான்.

பின்னர் கொள்கை மாறியது. எதனால் மாறியது? புதிய ஆய்வொன்றினாலா? 2021 பெப்ரவரி 23ஆந் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். 25ஆந் திகதி வர்த்தமானி திருத்தப்பட்டது. பத்து மாதமாக நிலத்தடி நீரில் நீந்திக்கொண்டிருந்த வைரசு, ஒரு விருந்தாளி விமானம் ஏறிய மறுநாளே நீந்த மறந்துவிட்டது போலும்!

அதன் பின்னர்தான் இரணைதீவு நினைவுக்கு வந்தது. இலங்கை முழுவதிலும் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று வாதிட்டவர்கள், நாற்புறமும் கடல் சூழ்ந்த, சிறியதொரு நன்னீர்ப் படையை நம்பிக் கிணறு தோண்டி வாழும் ஒரு தீவை எவ்வாறு தெரிந்தார்கள்? கொழும்பின் கிணற்றுக்கு ஆபத்தாகும் உடல் இரணைதீவின் கிணற்றுக்கு மட்டும் ஆபத்தாகாதா? ஆபத்தில்லை என்று அறிந்திருந்தார்களாயின் பத்து மாதமாக எரித்தது எதற்காக? ஆபத்துண்டு என்று உண்மையாகவே நம்பினார்களாயின் அதைப் பூநகரியின் மீனவக் குடும்பங்களின் தலையிற் கட்ட முனைந்தது எதற்காக? இந்த இரு கேள்விகளுள் ஒன்றுக்கேனும் இன்றுவரை எவரும் விடை கூறினாரல்லர்.

இரணைதீவு மக்கள் மறுநாளே கரையில் நின்று எதிர்த்தார்கள். இறந்த முஸ்லிம் மக்களின் மீது வெறுப்பினால் அவர்கள் எழவில்லை. அவர்களைக் கேளாமல், அவர்கள் நிலத்தை எவருக்கும் வேண்டாத நிலம் என்று தீர்த்த அகந்தையின் மீது எழுந்தார்கள். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமற் செல்வது நேர்மையாகாது. 1990 ஒக்ரோபரிலே வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது வன்னியின் முஸ்லிம் குடும்பங்களும் வீடு வாசல் இழந்தன. அந்த மண்ணிலே நின்றுகொண்டு ‘இவர்கள் உடல் இங்கு வேண்டாம்’ என்று எவரேனும் சமயத்தின் பேரால் சொல்லியிருந்தால் அது பெரும் பாவமாயிருக்கும். நல்லவேளை, தீவு மக்கள் தமது வழக்கைத் தெளிவாகவே வைத்தார்கள். அடக்கங்கள் 5ஆந் திகதி ஓட்டமாவடியில் ஆரம்பமாயின. கொவிட்டினால் இறந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். நாட்டின் எந்தக் கரையிலிருந்தும் உறவினர் அங்கேயே பிரயாணஞ் செய்யவேண்டும்.

2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. முஸ்லிம் மக்கள் 276 பேரின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன என்ற கணக்கும் வெளியாயிற்று. மன்னிப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை எவை தெரியுமா? நீர்நிலைகளைப் பற்றிய இரு ஆய்வுகள். ஒன்று 2021 யூலையிலும் மற்றது 2024 மார்ச்சிலும் நடத்தப்பட்டவை. நீரில் வைரசு சேர்வது மலசல வழியினால், முறையான அடக்கத்தினால் அன்று என்பதே அவற்றின் முடிவு. எரித்தது 2020இல், அளந்தது 2021இல். தூக்கிலிட்ட பின்னர் சாட்சியை விசாரிக்கும் நீதிமன்றத்தை நாம் நீதிமன்றம் என்போமா?

பாதுகாப்பு என்னும் பூட்டு

இரணைதீவுக்கு இது முதல் அநியாயமன்று. 1992இலே அங்கிருந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்து முழங்காவிற் பக்கத்து இரணைமாதா நகரிலே தங்கின. யுத்தம் 2009இல் முடிந்தது. மக்கள் திரும்பலாம் என்று எவரும் சொல்லவில்லை, கடற்படை அங்கிருந்தது, ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல் விடையாக வந்தது. 2017 மே மாதம் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். ஓராண்டு சாலையோரத்தில் இருந்தும் முடிவு வராமையால், 2018 ஏப்ரல் 23ஆந் திகதி தாமே படகேறித் தீவுக்குச் சென்றார்கள். ஆண்டுக்கணக்காக மக்களை வெளியே நிறுத்தி வைத்த பாதுகாப்புக் காரணம் என்ன? எந்த மதிப்பீட்டின் மேல் அது நின்றது? படகுகள் கரையில் முட்டியதும் அந்தக் காரணம் எங்கே போயிற்று? ஆராய்ச்சி செய்து எழுதப்பட்ட காரணமாயின் படகு கண்டு ஓடியிராது.

பாதுகாப்பின் பெயரால் எண்ணிக்கையே பொய்யாக்கப்பட்ட காலத்தையும் வன்னி கண்டது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யுத்த வலயத்தில் எழுபதினாயிரம் பேரளவிலேயே இருக்கின்றனர் என்று அரசாங்கம் உலகுக்குச் சொல்லிற்று. அதே அரசாங்கத்தின் கச்சேரி உத்தியோகத்தர்கள், உணவுப் பங்கீட்டுக்காகக் கிராமம் கிராமமாக எடுத்த கணக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் என்று காட்டிற்று. எந்தக் கணக்கு மெய்யென்று மெனிக் பாம் முகாம்களிலே அந்த ஆண்டு நடுப்பகுதியில் தெரிந்தது. அங்கே வந்து சேர்ந்தோர் மட்டும் இரண்டு இலட்சத்து எண்பதினாயிரம் பேரளவில். குறைத்துக் காட்டிய எண்ணிக்கை உணவையும் மருந்தையும் குறைப்பதற்கு உதவியதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியுள்ளது. மருந்துப் பெட்டி எத்தனை அனுப்புவது என்பது ஒரு பெருக்கற் கணக்கு. பெருக்கும் எண்ணைப் பொய்யாக்கியவன், கத்தி எடுக்காமலே கொல்லலாம். இதை வன்னி மக்களுக்கு எவரும் புத்தகம் வைத்துப் போதிக்கவேண்டியதில்லை.

இதே பாதுகாப்புத் துறையில் நேர்மையான முறையும் உண்டு என்பதை நாம் மறைக்கப்போவதில்லை. கண்ணிவெடி அகற்றும் பணியைப் பாருங்கள். முகமாலையிலே, ஒரு காணியில் வெடி உண்டா இல்லையா என்று எந்த மந்திரியும் மேடையில் தீர்ப்பளிப்பதில்லை. ஊராரைக் கேட்டு, வரைபடம் வரைந்து, குச்சி நட்டு, அங்குலம் அங்குலமாகச் சோதித்து, அதன் பின்னரே காணி கையளிக்கப்படுகின்றது. அந்த வேலையைச் செய்வோரிலே எமது கிராமத்துப் பெண்கள் பலர். அங்கே ஊகம் செய்தால் கால் போய்விடும் என்பது எல்லார்க்கும் தெரியும். மருந்துக்கும் பசளைக்கும் தண்ணீருக்கும் மட்டும் ஊகம் போதும் என்று எவர் சொன்னது?

பசளை தந்த பாடம்

விவசாயப் பெருமக்கள் இதுவரை படித்துவிட்டு, ‘அது தீவாரின் கதை, எமக்கென்ன?’ என்று எண்ணலாம். 2021 மே 6ஆந் திகதியை மறந்துவிட்டீர்களா? அன்றைய வர்த்தமானி இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதியை ஒரே வெட்டாக நிறுத்தியது. பத்தாண்டிலே படிப்படியாக மாறுவோம் என்று தேர்தலிலே சொன்னவர்கள், ஒரு பேனாக் கோட்டினால் ஒரே போகத்தில் மாறச் சொன்னார்கள்.

விவசாயப் பொருளியலாளர் சங்கம் அப்பொழுதே கணக்கிட்டுச் சொல்லியது: நெல் விளைச்சல் 25 சதவீதமும் தேயிலை 35 சதவீதமும் தென்னை 30 சதவீதமும் விழும் என்று. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாக எச்சரித்தார். விவசாய அமைச்சு அவரைத் தன் குழுக்களிலிருந்து நீக்கியது. சோதனைச்சாலைக் கண்ணாடி கறுப்பாகக் காட்டினால், கண்ணாடியை உடைத்துவிடுவது என்பது அன்றைய கொள்கை. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. இரணைமடு வாய்க்கால் மண்ணில் எத்தனை சதவீதம் சேதனம் உண்டு, ஓர் ஏக்கருக்கு எத்தனை வண்டி எரு வேண்டும், அவ்வளவு எருவுக்கு வன்னியிலே மாடு உண்டா என்று அங்குள்ள முதலாண்டு மாணவனைக் கேட்டிருந்தாலும் வர்த்தமானி அச்சேறியிராது.

நடந்தது என்ன? சீனாவிலிருந்து வரவிருந்த சேதனப் பசளையிலே தீங்கான பற்றீரியா இருப்பதாக எமது நாட்டுத் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையமே கண்டறிந்து கப்பலைத் தடுத்தது. அதிகாரிகள் தம் கடமையைச் செய்தார்கள். ஆயினும் 2022 சனவரியில் மக்கள் வங்கி அந்தப் பசளைக்காக 69 இலட்சம் அமெரிக்க டொலரைச் செலுத்தியது. வயலுக்கு வராத பசளைக்கு விலை! 2021 நவம்பர் இறுதியிலே தடை நீக்கப்பட்டபோது காலபோகம் விதைத்து முடிந்துவிட்டது. முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் பயிர் மஞ்சளித்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு நாம் வருணிக்கவேண்டியதில்லை. நாடு முழுவதிலும் அந்தக் காலபோக நெல், முந்திய காலபோகத்திலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. பொருளியலாளர் சொன்ன 25 சதவீதங்கூட நல்லெண்ணக் கணக்காகிவிட்டது.

2023 நவம்பர் 14ஆந் திகதி உயர் நீதிமன்றம், நாட்டைப் பொருளாதார வீழ்ச்சிக்குள் தள்ளியவர்கள் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது. பெருமைக்குரிய தீர்ப்பு. ஆனால் அதன் வழியாக மனுதாரருக்குக் கிடைத்தது வழக்குச் செலவு ஒன்றரை இலட்சம் ரூபா. நகையை அடகு வைத்து விதைத்தவன் நீதிமன்ற வாசலில் வந்து எதை வாங்கிச் செல்வது?

நோயாளியை வைத்து நியாயம் பேசுவோர்

பசளைத் தடைக்குச் சொல்லப்பட்ட காரணத்தை நாம் இங்கே விடாமற் பிடிக்கவேண்டும். சிறுநீரக நோய்! கிளாஸ்கோ நகரிலே காலநிலை மகாநாட்டின்போதுங்கூட அன்றைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அதையே பேசினார். 1990களில் மதவாச்சியிலும் பதவியாவிலும் தலைகாட்டிய இந்த நோய், வவுனியா மாவட்டத்துக்கும் முல்லைத்தீவின் சில பகுதிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. வயலிலே நின்ற நடுவயது மனிதன் ஒருநாள் வைத்தியசாலைக்குப் போகிறான். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன என்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் நிலையை அறிந்தவன், இந்நோயை மேடைப் பொருளாக்கத் துணியமாட்டான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2013இலே வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கட்மியத்தைச் சுட்டியது. அதற்கு முன்னர் ஆசனிக்கு என்றார்கள். 2014இலே மூன்று ஆய்வாளர், கடின நீரும் கிளைபோசேற்று என்னும் களைநாசினியும் சேர்ந்து காரணமாகலாம் என்று ஒரு கருதுகோளை எழுதினார்கள். கருதுகோள் என்றால், இனித்தான் சோதிக்கவேண்டும் என்பது பொருள். அடுத்த ஆண்டே கிளைபோசேற்று முற்றாகத் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2021 நவம்பரில் நீக்கப்பட்டுச் சில நாளில் மீண்டும் போடப்பட்டது. 2022இல் மறுபடியும் நீக்கப்பட்டது. தோட்டத் துரைமாரின் களைக்கு நஞ்சாகாதது நெல் விவசாயியின் களைக்கு மட்டும் நஞ்சாகும் என்று எந்த ஆய்வு சொன்னது? யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கொட்டிய பசளையால் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடக்கின்றது; ஆயினும் இந்த நோய் அங்கே வடமத்திய மாகாணத்தைப் போற் பரவவில்லை. புளோரைட்டும் மகனீசியக் கடினமும் சேர்ந்த நீர், கடும் வெயிலில் நீரருந்தாமற் செய்யும் வேலை என்று வேறு காரணங்களையும் ஆய்வாளர் ஆராய்கின்றனர். ஆந்திரத்து உத்தானத்திலும் எல் சல்வடோர்க் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோயை வைத்து அதே ஆராய்ச்சி நடக்கின்றது. முடிந்த முடிபு வரவில்லை.

‘விஞ்ஞானிகளே ஒத்துப்போகாதபோது அரசாங்கம் என்ன செய்யும்?’ என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் விடை கடினமானதன்று. காரணம் எதுவாயினும் பிழைபோகாத காரியங்கள் உண்டு. கிணறுகளை அளந்து வெளியிடுவது. சுத்திகரித்த நீரைக் கொடுப்பது. வடிகட்டி இயந்திரத்தை நாடா வெட்டித் திறந்துவிட்டுப் போகாமல், அதன் மென்தகடு மாற்றப்பட்டதா, வெளிவரும் உவர்க்கழிவு எங்கே போகின்றது என்று மாதந்தோறும் பார்ப்பது. நோயை முற்கூட்டியே கண்டறிவது. குருதி சுத்திகரிப்புக்காக ஓர் ஏழை வாரத்தில் இரண்டு மூன்று முறை பஸ் ஏறும் தூரத்தைக் குறைப்பது. இவற்றுக்கு எந்தச் சர்ச்சையும் முடியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இவற்றுக்குப் பணம் வேண்டும், பொறுமை வேண்டும். தடைக்கு ஒரு வர்த்தமானிதான் வேண்டும். அரசாங்கம் எதைத் தெரிந்தது என்பதைக் கண்டோம்.

‘அவசரகாலத்தில் ஆய்வுக்கு நேரமேது?’ என்பதும் ஒரு வாதம். அவசரம் ஒரு மாதத்தை மன்னிக்கும். இரண்டு மாதத்தை மன்னிக்கும். காலவரையறை இன்றி, மீள்பரிசீலனை இன்றி, தன் நிபுணரே மாறிச் சொன்ன பின்னரும் தொடரும் கட்டளை அவசரத்தால் வந்ததன்று, பிடிவாதத்தால் வந்தது.

எமது பக்கத்திலும் ஒரு பழுதுண்டு. ‘இதெல்லாம் கொழும்பின் சதி’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக் கைதட்டு வாங்கும் வழக்கம் எமது மேடைகளில் ஊறிவிட்டது. சதியென்று நிரூபிக்கவும் கணக்கு வேண்டாமா? சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கைப் பாருங்கள். கிணற்று நீரை அளந்த அறிக்கைகள் இருந்தமையாற்றான், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொல்லியது. கோஷத்தைப் பார்த்து எந்த நீதியரசரும் இழப்பீடு எழுதுவதில்லை.

சட்டம் இந்த விடயத்தில் எம்மைக் கைவிட்டுவிடவில்லை. 2000ஆம் ஆண்டு எப்பாவலப் பொசுபேற்று வழக்கிலே, புவிச்சரிதவியல் பணியகம் விஞ்ஞானக் கழகத்தையும் தேசிய விஞ்ஞான மன்றத்தையும் கலந்தாலோசித்து முழுமையான ஆய்வு நடத்தி, அதன் பெறுபேறுகளை வெளியிடும்வரை எந்த ஒப்பந்தமும் செய்யலாகாது என்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. முதலில் ஆய்வு, அதன் பின் பிரசுரம், அதன் பின்னரே ஒப்பந்தம். ஒரு கல்லுக்காக விதிக்கப்பட்ட இந்த ஒழுங்கு மனித உடலுக்கும் வயலுக்கும் ஏன் விதிக்கப்படலாகாது? சுகாதாரத்தையும் பயிர்ச்செய்கையையும் தொடும் எந்தப் பிரமாணமும், தனக்கு ஆதாரமான அறிக்கையைத் தன்னோடு சேர்த்து மூன்று மொழியிலும் வெளியிடாவிட்டால் செல்லுபடியாகாது என்று பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றவேண்டும். எமது வாக்கைப் பெற்றுச் சென்றவர்கள் அதைப் பிரேரிக்கவேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது இதைத்தான் நீங்கள் முதலிற் கேட்கவேண்டும்.

அதுவரை சும்மாயிருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. உங்கள் ஊர்க் கிணறுகள் எப்பொழுது சோதிக்கப்பட்டன, புளோரைட்டு எவ்வளவு, கடினம் எவ்வளவு, சுத்திகரிப்பு இயந்திரம் கடைசியாக எந்தத் திகதியிற் பரிசோதிக்கப்பட்டது என்று பிரதேச செயலகத்தினதும் நீர் வழங்கல் சபையினதும் தகவல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் உங்களைக் கேட்க முடியாது. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்; உயிரோடு சம்பந்தப்பட்ட தகவலாயின் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் சொல்லவேண்டும். குடிக்கும் தண்ணீர் உயிரோடு சம்பந்தப்பட்டதல்ல என்று எவரேனும் எழுதித் தந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உங்களுக்கு அண்மையிலுள்ள சட்டத்தரணியிடம் கொண்டு செல்லுங்கள். ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு விண்ணப்பம் என்று எழுதினாலும், அடுத்த காலபோகம் விதைக்குமுன் வன்னியின் கிணற்றுக் கணக்கு எமது கைக்கு வந்துவிடும்.